பெண்கள் ஓட்டத்துக்கு ஏத்தம் வேண்டாமா? மலையகத்தில் ஒரு சைக்கிள் போட்டி பற்றி

புசல்லாவைக்காரன், 28 செப்டம்பர் 2025

நேத்து ராத்திரி ருவாண்டா நாட்டுக் கிகாலியில நடந்த உலகச் சைக்கிள் சம்பியன்ஷிப் பெண்கள் ஓட்டத்தைப் பார்த்தேன். நம்ம மலை மாதிரியே ஏத்தமும் எறக்கமும். எங்க சங்கத்துல ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல ஒரு சைக்கிள் ஓட்டம் வைக்கிற யோசனை இருக்கு. ஆம்பளைங்களுக்கு ரம்பொடையில இருந்து மலை ஏறி வர்ற பாதை. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஏரியைச் சுத்தி ஓடினாப் போதும், ஏத்தம் அவங்களுக்குத் தாங்காது, ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு பெரியவங்க கேக்கறாங்க. எனக்கும் அது சரின்னுதான் படுது. லிந்துலை டீச்சர் என்ன சொல்றீங்க?

லிந்துலை டீச்சர், 28 செப்டம்பர், இரவு

ஏத்தத்தை எடுக்காதீங்க தம்பி. ஏத்தத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஊர்வலம்தான், ஓட்டம் இல்லை.

நேற்று அந்தப் பெண்கள் ஓடியது 164.6 கிலோமீற்றர். பதினைந்து கிலோமீற்றர் அளவான சுற்று, 11 தடவை. ஏறிய உயரத்தைக் கூட்டினால் 3,350 மீற்றர். ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 300 மீற்றர் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஊரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் அப்புத்தளை 1,431. ஆக, அப்புத்தளையை விடக் கொஞ்சம் உயரமான ஊரில் நாலரை மணித்தியாலத்துக்கு மேல் மிதித்திருக்கிறார்கள்.

யார் ஜெயித்தது என்று பாருங்கள். கனடாவின் மக்தலேன் வல்லியேர், 24 வயது. ஓட்டத்துக்கு முன்னால் அவர் பெயரை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. எல்லோரும் நெதர்லாந்தின் நட்சத்திரம் டெமி வொலரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வொலரிங்கோடு வந்தவர்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதற்குள் முன்னால் போன சிறு கூட்டம் போய்விட்டது. கடைசியில் கல் பதித்த கிமிஹுரூரா ஏத்தத்தில் வல்லியேர் எழுந்து மிதித்தார், கூட வந்த நியாம் ஃபிஷர்-பிளாக்கும் மாவி கார்சியாவும் பிடிக்க முடியவில்லை. 23 செக்கன்தான் வித்தியாசம். மட்டப் பாதையாக இருந்திருந்தால் பெரிய அணிகள் இழுத்துப் பிடித்திருக்கும். பெயர் தெரியாத ஒருத்திக்கும் வழி விடுவது ஏத்தம். நம் பிள்ளைகள் எல்லோருமே இன்றைக்குப் பெயர் தெரியாதவர்கள்தான்.

லிந்துலை டீச்சர் தொடர்கிறார், 29 செப்டம்பர்

"பெண்களுக்குத் தாங்காது" என்ற பேச்சுக்கு வயது அதிகம். 1958இல் பிரான்சின் ரெய்ம்ஸில் பெண்களுக்கு முதன்முதல் வீதி உலகச் சம்பியன்ஷிப் வைத்தபோது 59 கிலோமீற்றர்தான் கொடுத்தார்கள். லக்ஸம்பேர்க்கின் எல்சி ஜேக்கப்ஸ் ஜெயித்தார். ஒலிம்பிக்கில் 1984 லொஸ் ஏஞ்சல்ஸில்தான் பெண்களுக்கு முதல் வீதி ஓட்டம், அதுவும் 79.2 கிலோமீற்றர், ஆண்களுக்கு 190.2. இப்போது 164.6. பெண்களின் நெஞ்சுக்கூடு இந்த அறுபது எழுபது வருஷத்தில் மாறவில்லை. போட்டி வைக்கிறவர்கள் மனசு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

1 ஒக்டோபர்

ஹட்டனிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: நுவரெலியாவில் காற்றே குறைவு, பிள்ளைகள் மயங்கி விழுந்தால்?

நல்ல கேள்வி, நேராகவே பார்ப்போம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்கு. மூச்சு ஒன்றுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். கொழும்பிலிருந்தோ காலியிலிருந்தோ நேற்று வந்து இன்று ஓடுகிறவளுக்கு உச்சபட்சத் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நானுஓயாவிலோ கந்தப்பளையிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த இழப்பு குறைவு. அவள் பள்ளிக்கூடம் போக ஏறும் படிக்கட்டுகளே அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

உயரத்தில் ஆளை விழுத்துவது ஏத்தத்தை விட அவசரம். தொடக்கத்திலேயே மூச்சு முட்ட மிதித்துவிட்டால், கீழ்நாட்டில் ஒரு நிமிஷத்தில் திரும்பி வரும் மூச்சு இங்கே வராது. அடுத்த மேட்டில் கால் கட்டிவிடும். நான் பழக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: முதல் ஏத்தத்தில் பக்கத்தில் வருபவளோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு உடைந்தால் ஒரு பல்லு கியரை இறக்கு.

1995இல் கொலம்பியாவின் துயித்தாமாவில், சுமார் 2,500 மீற்றர் உயரத்தில், இதே உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. நம் பீதுருதாலகாலை உச்சியே 2,524தான். அந்த உயரத்தில் வீதி ஓட்டத்தையும், ஒவ்வொருவராகத் தனியே நேரம் பார்த்து ஓடும் நேர ஓட்டத்தையும் சேர்த்து ஜெயித்தவர் பிரான்சின் ஜனி லோங்கோ. அப்போது அவருக்கு 36 வயது.

2 ஒக்டோபர்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். காற்று மெலிந்தால் எதிர்ப்பும் குறையும். நுவரெலியாவின் குளிர்ந்த காற்று கூட கொழும்பின் வெப்பக் காற்றை விட ஆறில் ஒரு பங்கு அளவு இலேசானது. லோங்கோ தன் ஒரு மணித்தியாலச் சாதனைக்கு 1996இல் மெக்சிகோ நகரத்துக்குப் போனது அதற்காகத்தான். ஓடிய தூரம் 48.159 கிலோமீற்றர்.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது எறக்கம். அதே சரிவு, அதே உடம்பு, ஆனால் வேகம் கூடும். பெரியவர்கள் பயப்பட வேண்டியது ஏத்தத்துக்கு இல்லை. ஏத்தத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு. எறக்கத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரி.

5 ஒக்டோபர்

கியர் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு.

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பழைய ரேஸ் சைக்கிள் பெரும்பாலும் ஆண்கள் ஓட்டிக் கழித்தது. முன்னால் சின்னச் சக்கரமே 42 பல்லு, பின்னால் பெரியது 23. அதில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 3.8 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 14 கிலோமீற்றர் அளவு. எட்டு வீதச் சரிவில் அந்த வேகத்தை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை நிமிஷம் பிடிப்பாள்? சுற்றை 40க்கு இறக்கி, எழுந்து நின்று, முழங்காலை அரைத்துக்கொண்டு ஏறுவாள். பார்க்கிறவர்கள் "பாவம், பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்தம் முடியவில்லை" என்பார்கள்.

அதே பிள்ளைக்கு முன்னால் 34, பின்னால் 32 மாட்டிக் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர். அதே 60 சுற்றில் மணிக்கு 8 கிலோமீற்றர். தேவையான பலம் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். உட்கார்ந்தபடியே ஏறுவாள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி தலவாக்கலையிலிருந்து மேலே வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வளைவில் இறங்கித் தள்ளுவாள். தேயிலைக்குள் ஒரு சின்னக் கோயில் இருக்கும் வளைவு. பின் பல்சக்கரத்தை மாற்றினோம். செயினைப் பல்லு மாற்றித் தள்ளும் பழைய டெரெய்லருக்கு அவ்வளவு பெரிய பல்லுச் சேராது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது, செயினில் ரெண்டு கண்ணி கூட்ட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அந்த வளைவில் அவள் பெடலைப் பார்க்கவே இல்லை. கோயிலைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மேலே போனாள். ஒரு கை ஹேண்டிலில்.

சங்கத்திடம் பணம் இருந்தால் வெற்றிக் கிண்ணத்தைச் சின்னதாக வாங்குங்கள். மிச்சத்துக்குப் பெரிய பல்லுச் சக்கரம் பத்து வாங்கி வைத்து, பதிவு செய்யும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள்.

9 ஒக்டோபர்

"பாதி ஏத்தத்தில் முடிவுக் கோடு போட்டால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குச் சொந்தக் கதை ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் ஓடிய காலத்தில் ஒரு போட்டி. காகிதத்தில் எங்கள் பாதை மேட்டின் உச்சி வரை இருந்தது. மட்டத்தில் என்னை விட வேகமானவர்கள் மூன்று பேர் முன்னால். நான் அவசரப்படவில்லை. ஏத்தம் வரட்டும் என்று மூச்சைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஏத்தம் தொடங்கும் பாலத்தடியில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று கையை விரித்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு, இன்னும் காயவில்லை, என் டயரில் ஒட்டியது. "ஆண்கள் ஓட்டம் தொடங்க நேரமாச்சு, பெண்களுக்கு இங்கேயே முடிவு." நாலாவது இடம். சான்றிதழ் மூன்றாம் இடம் வரைதான்.

நடத்தியவர்கள் யாரென்று சொல்லப் போவதில்லை, அது பழைய கதை. ஆனால் அந்தப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் இன்றைக்கும் நான் வலப்பக்கம் பார்ப்பதில்லை. முதல் மூன்று பேரிடம் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. எந்தப் பாதை என்று சொல்லி அழைத்தீர்களோ அந்தப் பாதையைக் கொடுங்கள். ஒரு பிள்ளை தன் முழுப் பலத்தையும் எங்கே செலவழிப்பது என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறாள்.

12 ஒக்டோபர்

சாப்பாடு பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது. நல்லது.

உயரத்தில் இருக்கும் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாய் வரும் பிள்ளைக்கு ஏற்கனவே அது கழிந்துகொண்டே இருக்கிறது. நம் தோட்டங்களில் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று ஒவ்வொரு மருத்துவமாதுவுக்கும் தெரியும். இதற்கு மேல், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி. தேயிலைச் சாயம் மரக்கறியிலிருந்தும் தானியத்திலிருந்தும் வரும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற கைகளுக்குச் சொந்தக்காரிகள் நாம், இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தட்டில் தேசிக்காய் பிழியுங்கள், நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்று கடிக்கட்டும், இரும்பு உள்ளே போக அது உதவும். நெத்தலி, பருப்பு, முருங்கைக்கீரை. ஓட்டத்துக்கு ஒரு மாசம் முன்னால் இதைத் தொடங்கிப் பிரயோசனமில்லை, இப்போதே தொடங்க வேண்டும். களைப்பும் தலைச்சுற்றும் இருக்கிற பிள்ளையை முதலில் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

13 ஒக்டோபர்

பொகவந்தலாவை அக்கா எழுதியதற்கு: ஆமாம், காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிற அவசரத்தில் அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் காத்திருக்க முடியாதுதான். அப்படியானால் எழும்பியவுடன் வெறுந்தேத்தண்ணி, பிறகு சாப்பாடு, வரிசையை மாற்றுங்கள். பிள்ளைக்கும் அதுவே பழகும்.

19 ஒக்டோபர்

பாதை. இதை யோசித்து யோசித்து ரெண்டு மனசாகவே இருக்கிறேன்.

கம்பளை 500 மீற்றருக்கும் கீழே, நுவரெலியா 1,868. புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை என்று ஏறி வரும் அந்த வீதி இலங்கையிலேயே சைக்கிளுக்கு மிகச் சிறந்த ஏத்தங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அருவிச் சத்தம் வலப்பக்கம், தேயிலை ரெண்டு பக்கமும், வளைவுக்கு மேல் வளைவு. ஆனால் அதுவே கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் உயிர்நாடியான பாதை. மரக்கறி லொறி, பஸ், அம்புலன்ஸ் எல்லாம் அதில்தான். ஏப்ரல் சீசனில் நகருக்குள் நடக்கவே இடமிருக்காது. அந்த நேரத்தில் அந்த வீதியை அரை நாள் மூடச் சொல்லிக் கேட்பது நியாயமா? மூடாமல் ஓட விடுவது அதைவிட மோசம்.

கிகாலியில் சுற்றுப்பாதை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: சிறிய இடத்தை முழுசாக மூடலாம், பார்க்க வருபவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், ஆட்களை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தலாம். நம் பக்கத்தில் எனக்குப் பிடித்த சுற்று ஊவாவில் இருக்கிறது. அப்புத்தளையில் தொடங்கி பொரலந்தை வழியாக வெலிமடைக்கு இறக்கம், அங்கிருந்து பண்டாரவளைக்கு ஏறி, தியத்தலாவைப் பக்கமாகத் திரும்ப அப்புத்தளை. அதன் மேல்முனையின் உயரமும் கிட்டத்தட்ட கிகாலி உயரம்தான்.

காலம்: ஏப்ரலில் பின்னேரம் இடிமழை நிச்சயம். மார்கழி, தை மாதங்களில் ஊவாச் சரிவில் வடகீழ்ப் பருவமழை. ஆகவே மாசி முடிவு அல்லது பங்குனி, விடிகாலை ஆறு மணிக்குத் தொடக்கம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் அப்புத்தளைக் கணவாயில் ஓட்டம் வைக்கவே வேண்டாம், 45 கிலோ எடையுள்ள பிள்ளையைக் காற்று வீதியின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும்.

இன்னொன்று. தியத்தலாவையில் 2024 ஏப்ரலில் மோட்டார் பந்தயத்தைப் பார்க்க வந்த சனங்கள் மேல் கார் பாய்ந்து உயிர்கள் போனதை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சைக்கிள் என்றாலும் எறக்கத்தில் வளைவின் வெளிப்பக்கம் ஒரு ஆள் கூட நிற்கக் கூடாது. கயிறு கட்டுங்கள்.

22 ஒக்டோபர்

தீபாவளிக்கு வந்திருந்த பழைய மாணவிகளோடு நானுஓயாப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். திரும்பி வரும்போது மழை. எறக்கம் பற்றி 2ஆம் திகதி எழுதியதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ரிம்மைப் பிடிக்கிற பிரேக், மழையில் முதல் பிடியில் பிடிக்காது. கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அதற்குப் பிறகுதான் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் வண்டி வளைவுக்குள் போய்விடும். ஆகவே வளைவுக்கு வெகு முன்னாலேயே ஒரு தடவை இலேசாகத் தொட்டுத் துடைத்துவிடுங்கள், பிறகு பிடியுங்கள். நீண்ட எறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வரவும் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். கீழே நின்றபோது அவள் ரிம்மில் விழுந்த மழைத்துளி ஆவியாகப் போனது, எரிந்த றப்பர் மணம். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் மணலும் அலுமினியத் தூளும் பதிந்து பளபளவென்று இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்துப் போட்டோம். பஸ் திரும்புகிற வளைவுகளில் டீசல் படிந்திருக்கும், மழையில் வானவில் நிறத்தில் தெரியும், அதன் மேல் சாயாதீர்கள்.

2018இல் இன்ஸ்புருக்கில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் அன்னா வான் டெர் பிரெகன் தனியாகப் போய் 3 நிமிஷம் 42 செக்கன் வித்தியாசத்தில் வந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதே ஓட்டத்தில் அனமீக் வான் வ்லூட்டன் விழுந்து, முழங்காலில் எலும்பு முறிந்த நிலையில் ஓடி, ஏழாவதாக முடித்தார். அந்த மனவுறுதிக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் என் பிள்ளைகளிடம் அதை முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். விழுந்தால் நில், அடுத்த வருஷமும் ஏத்தம் அங்கேதான் இருக்கும் என்றுதான் சொல்வேன்.

23 ஒக்டோபர்

உடுப்பு. தாய்மார் கேட்கிறார்கள், நேராகச் சொல்கிறேன். குட்டைக் காற்சட்டை கட்டாயமில்லை. காலை ஒட்டிய நீளக் காற்சட்டை போதும். தொளதொளத்த பள்ளிக்கூட ட்ரக் பொட்டம்தான் ஆபத்து, வலக்காலில் செயின் இழுத்துக்கொள்ளும். வேறு வழியில்லையென்றால் சொக்ஸுக்குள் செருகி றப்பர் பேண்ட் போடுங்கள். தாவணி, துப்பட்டா எதுவும் வண்டிக்குக் கிட்ட வரக் கூடாது. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பெண்களுக்குக் கழிவறை, உடை மாற்ற மறைப்பு. இது இல்லாததால்தான் பாதிப் பேர் வராமல் போகிறார்கள்.

30 ஒக்டோபர்

"சின்னத் தீவுக்காரி எங்கே, உலகம் எங்கே" என்று ஒரு தம்பி மனம் நொந்து எழுதியிருக்கிறார். மொரீஷியஸைப் பாருங்கள். நம்மை விட எவ்வளவோ சின்னத் தீவு, அதன் மிக உயர்ந்த சிகரமே 828 மீற்றர். அங்கே பிறந்த கிம் லே கூர்ட் இந்த வருஷம் லியேஜ் - பஸ்தோன் - லியேஜ் என்ற, மேடுகளுக்கே பெயர் போன ஓட்டத்தை ஜெயித்தார், பெண்களின் டூர் டி பிரான்ஸில் மஞ்சள் சட்டையும் போட்டார். கிகாலியில் மூன்றாவதாக வந்த மாவி கார்சியாவுக்கு 41 வயது.

பிரிவுகள் பற்றிய கேள்விக்கு: முப்படை அணிகளில் சம்பளத்தோடு பயிற்சி எடுக்கும் பெண்களையும் பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். உலகச் சம்பியன்ஷிப்பிலேயே 23 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்குத் தனி ஓட்டம் இந்த வருஷம் கிகாலியில்தான் முதல் தடவை வைத்தார்கள், பிரான்சின் செலியா ஜெரி ஜெயித்தார். நாம் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றின் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். அந்தப் பகுதியிலும் ஏத்தம் இருக்க வேண்டும்.

8 நவம்பர்

புசல்லாவைத் தம்பி, சங்கம் "பெண்களுக்கும் ஏத்தம் சரி, ஆனால் நேர எல்லை வைப்போம்" என்று முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மனசு நிறைந்தது. நேர எல்லை வைப்பதில் தப்பில்லை, வீதியைத் திறந்துவிட வேண்டுமே. ரெண்டு நிபந்தனை மட்டும். எல்லை எத்தனை நிமிஷம் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சடியுங்கள், அன்றைக்கு வாயால் சொல்ல வேண்டாம். பின்னால் வரும் வேனில் ஏற்றப்படும் பிள்ளையையும் முடிவுக் கோடு வரை கொண்டுவந்து, எத்தனை கிலோமீற்றர் ஓடினாள் என்று எழுதிய சான்றிதழைக் கையில் கொடுங்கள்.

பாதையை ஓடிப் பார்க்கும் நாளைச் சொல்லுங்கள். லிந்துலையிலிருந்து ஆறு பிள்ளைகள் வருவார்கள், வேனுக்கு நான் பொறுப்பு. சைக்கிள் நாலுதான் இருக்கிறது, ரெண்டு இரவல் வேண்டும், 50 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பிரேம் வேண்டாம்.